மோட் போடலாமா? டெவலப்பரின் மனசைப் படிக்கும் வழி

கோத்தகிரியில் என் கம்ப்யூட்டர் கடைக்கு வரும் பையன்கள் அதிகம் கேட்பது இதைத்தான்: "அண்ணா, இந்த கேமுக்கு மோட் போட்டா பேன் பண்ணிடுவாங்களா?" மோட் என்பது கேமில் வெளியாட்கள் செய்து சேர்க்கும் மாற்றம்; பேன் என்பது ஆடவிடாமல் தடை செய்வது. மோட் போடும் விதத்தைச் சொல்ல யூடியூப் இருக்கிறது. போடலாமா என்று நான் பார்க்கும் வழியைச் சொல்கிறேன்.

முதலில் கேமுக்குள்ளேயே தேடுங்கள். மோட் வரட்டும் என்று நினைக்கும் டெவலப்பர் அதற்கு வாசலையும் வைத்திருப்பார். பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியாவில் நம் சொந்த 3டி மாடலை ஏற்றும் வசதியே உண்டு. மஞ்சூர் பஸ்ஸை நீங்களே வரைந்து ஓட்டலாம். ஸ்கைரிம் கேமுக்கு, அதைச் செய்த பெதஸ்டாவே கிரியேஷன் கிட் என்ற மோட் கருவியைக் கொடுத்தது. கேம் விற்கும் தளமான ஸ்டீமில், மோட்களைப் பகிரும் 'வொர்க்‌ஷாப்' இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. இதில் தாராள மனசோடு வியாபாரமும் இருக்கிறது. ஹாஃப்-லைஃப் கேமுக்கு வெளியாட்கள் செய்த மோட்தான் கவுன்டர்-ஸ்ட்ரைக். ஹாஃப்-லைஃபைச் செய்த வால்வ் நிறுவனம் அதை வாங்கி, செய்தவர்களையும் வேலைக்குச் சேர்த்து, 2000-இல் தனி கேமாக விற்றது.

அடுத்து லைசென்ஸ், அதாவது கேமோடு வரும் நிபந்தனைகள். முழுசாக நானும் படிப்பதில்லை. கன்ட்ரோல்-எஃப் அடித்து 'மாடிஃபை', 'கமர்ஷியல்' என்ற இரண்டு சொற்களைத் தேடினால் போதும், டெவலப்பர் எங்கே முறைப்பார் என்று தெரிந்துவிடும். மைன்கிராஃப்ட் கேமின் ஜாவா பதிப்பில் நீங்கள் புதிதாக எழுதிய மோட் உங்களுடையது. ஆனால் காசுக்கு விற்கக் கூடாது, கேமையே மாற்றி வைத்துப் பரப்பவும் கூடாது.

ஜிடிஏ கதை இன்னும் சுவாரஸ்யம். 2017 ஜூனில், ஜிடிஏவைச் செய்த ராக்ஸ்டாரின் தாய் நிறுவனமான டேக்-டூ, ஓபன்ஐவி என்ற மோட் கருவியை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் விட்டது. ஆடுகிறவர்கள் கொதித்துப்போய் ஸ்டீமில் மோசமான ரிவ்யூக்களாகக் குவித்தார்கள். சில நாளிலேயே ராக்ஸ்டார் இறங்கிவந்து, ஒருவர் ஆடும் பகுதியில் காசு வாங்காமல் செய்யும் மோட்கள் மேல் பொதுவாக வழக்குப் போக மாட்டோம் என்றது. நம் ஊர் டீ எஸ்டேட்டில் குறுக்கே நடந்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், கொழுந்தைப் பறித்து விற்கக் கிளம்பினால் வாட்ச்மேன் வருவார் இல்லையா, அதே கணக்குத்தான். அதே ராக்ஸ்டார் 2023-இல் ஜிடிஏவை மோட் போட்ட சர்வர்களில் ஆட வைக்கும் ஃபைவ்எம் குழுவைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது என்பது தனிக் கூத்து.

ஆன்லைன் மேட்சா? டெவலப்பரே அனுமதித்ததைத் தவிர வேறு எதையும் தொடாதீர்கள். எதிரில் ஆடுகிறவனின் ஆட்டம் கெட்டால் எந்த டெவலப்பரும் பொறுக்க மாட்டார். அந்த பேன் நியாயமானதும் கூட.

அனுமதி இருந்தாலும் அப்டேட் உங்கள் மோடுக்காகக் காத்திருக்காது. 2024 ஏப்ரலில் வந்த ஃபால்அவுட் 4 அப்டேட்டால், பல வருஷ உழைப்பான 'ஃபால்அவுட்: லண்டன்' மோட் ஜூலைக்குத் தள்ளிப்போனது. அதனால் ஸ்டீமில் கேமின் ப்ராப்பர்டீஸுக்குப் போய், கேமைத் திறக்கும்போது மட்டும் அப்டேட் ஆகும்படி மாற்றுங்கள். சேவ் ஃபைலையும் மோட் ஃபோல்டரையும் பென் டிரைவில் காப்பி எடுங்கள். ஆடி மழையில் கரண்ட் எப்போது போகும் என்று இங்கே சொல்ல முடியாது.

லைசென்ஸ் குழப்பினால் டெவலப்பருக்கே மெயில் போடுங்கள். சின்ன டீம்கள் பதில் போடவும் வாய்ப்புண்டு. எந்த ஃபைலை மாற்றுகிறீர்கள், இலவசமா, ஒருவர் ஆடும் பகுதிக்கா என்று மூன்று வரி போதும். பதில் வரவில்லை என்றால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாமல், மோடை உங்கள் மெஷினிலேயே வைத்து ஆடுங்கள்.