வீடு மாறியவருக்கு வரும் தபால்: சேமிப்பக டிரைவரைத் திருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் எங்கள் அலுவலகம். ஒரு மழை மாலை, புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அண்ணா, விழுவது நின்றுவிட்டது" என்றான்.

லினக்ஸுக்காக நாங்கள் எழுதிய ஒரு யூஎஸ்பி வட்டு டிரைவர், அதாவது வட்டை நடத்தும் நிரல். தரவு எழுதப்படும்போதே வட்டைப் பிடுங்கினால் லினக்ஸின் கருவான கர்னல் விழும். அவன் செய்த திருத்தம் ஒரே வரி. நினைவகத்தை விடுவித்த கையோடு அதன் முகவரியை வைத்திருக்கும் சுட்டியைப் பூச்சியமாக்கியிருந்தான். பூச்சியமா என்று பார்க்கும் சோதனை ஏற்கெனவே கீழே இருந்ததால் கர்னல் விழவில்லை. பிழையோ இருந்த இடத்திலேயே இருந்தது.

விழுந்த இடத்தில் ஒட்டுப்போடுவதுதான் இந்த வேலையில் எல்லாரும் முதலில் செய்யும் தவறு. நானும் செய்திருக்கிறேன். கர்னல் விழுந்தபோது எழுதிய பழைய பதிவைத் திறந்து பார்த்தால், சிபியூவின் பதிவேடு ஒன்றில் 6பி, 6பி, 6பி என்று எட்டுத் தடவை இருந்தது. நினைவகப் பிழைதேடும் வசதியை இயக்கி வைத்தால், விடுவித்த இடத்தை கர்னல் இந்த பைட்டால் நிரப்பிவிடும். அதைக் கண்டாலே, செத்த நினைவகத்தை யாரோ தொட்டிருக்கிறார் என்று பொருள். யார் என்பதுதான் கேள்வி. அவன் பூச்சியமாக்கியது முகவரியின் ஒரு பிரதியை மட்டும். அதே முகவரி காலாவதி டைமரிடம் இருந்தது, வேலை முடிந்ததும் ஓடும் நிரலிடம் இருந்தது, வட்டோடு தரவு பரிமாறும் கட்டுப்படுத்திச் சில்லிடமும் இருந்தது.

கடைசியில் சொன்னதுதான் பொல்லாதது. இந்த ஒழுங்கையில் வாடகைக்கு இருந்தவர் வீடு மாறினாலும் அவருக்கான தபால் பழைய வாசலில்தான் வந்து விழும். தபால்காரருக்குத் தெரிந்தது இலக்கம் மட்டுமே. சிபியூ இடையில் வராமல் சில்லே நினைவகத்தில் எழுதும் நேரடி நினைவக அணுகலும் அப்படித்தான். கட்டளை கொடுத்தபோது சொன்ன முகவரியில் சில்லு பிறகு எப்போதாவது வந்து எழுதும். இடையில் அந்த இடத்தை நீங்கள் விடுவித்து, கர்னல் அதை வேறொரு கோப்பின் தரவுக்குக் கொடுத்திருந்தால், அந்தக் கோப்பு சத்தமில்லாமல் கெடும். அதைவிடக் கர்னல் விழுவதே மேல்.

வட்டுகளுக்குக் கட்டளை அனுப்பும் லினக்ஸின் ஸ்கசி அடுக்கில் வட்டுக் கட்டளைக்கு இயல்பான காலக்கெடு 30 விநாடி. கெடு தாண்டியது என்பதற்காகச் சில்லு அந்தக் கட்டளையை மறந்துவிட்டது என்று எண்ணக்கூடாது. முதலில் கட்டளையை ரத்துச் செய்து, ரத்தானது உறுதியாகும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு சில்லுக்குக் கொடுத்த முகவரி இணைப்பை அவிழ்க்க வேண்டும். விடுவிப்பது கடைசியில். டைமர்களையும் அப்படியே, ஓடிக்கொண்டிருப்பது முடியும்வரை காத்து நிறுத்த வேண்டும். காத்திருப்பதற்குப் பதிலாகச் சிறு தாமதத்தைச் செருகிவிட்டு "இப்போது வருவதில்லை" என்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் கேசான் கருவியை ஓட்டினோம், ஒன்றும் காட்டவில்லை, ஆகவே சுத்தம் என்பதும் ஏமாற்று. 2015இல் லினக்ஸ் 4.0உடன் வந்த அந்தக் கருவி அருமையானது. ஒவ்வொரு 8 பைட்டுக்கும் ஒரு நிழல் பைட் வைத்துக் கணக்குப் பார்க்கும். ஆனால் அது பார்ப்பது சிபியூ ஓட்டும் நிரலின் கையைத்தான். சில்லு நேராக எழுதுவது அதன் கண்ணில் படாது. அதற்கு, சாதனங்கள் நினைவகத்தைத் தொடுவதைக் காவல்காக்கும் வன்பொருளான ஐஓஎம்எம்யூவைக் கண்டிப்பு முறையில் இயக்கிச் சோதிக்க வேண்டும்.

விடுவிக்கும் வரியையே அழித்துவிடுவதும் ஒரு திருத்தமாக வருவதுண்டு. ஒரு கட்டளைக்கு 512 பைட், விநாடிக்கு 200 கட்டளை என்று வைத்துக்கொண்டால், விடுவிக்கப்படாமல் ஒரு நாளில் ஒழுகும் நினைவகம் 8 ஜிபிக்கு மேல்.

ஏதாவது தோற்றால் மட்டும் ஓடும் பிழைப் பாதைகள் தனி உலகம். சாதனத்தைக் கர்னலிடம் பதிவு செய்யும் அழைப்பு தோற்றாலும், அதற்குள் அந்தப் பொருளுக்குக் குறிப்பு எண்ணிக்கை, அதாவது அதை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற கணக்கு, தொடங்கிவிட்டிருக்கும். அதை நேரடியாக விடுவிக்கக்கூடாது, குறிப்பைக் கைவிட வேண்டும். இரண்டையும் செய்தால் இரட்டை விடுவிப்பு. இப்பாதைகள் சாதாரணச் சோதனையில் ஓடுவதே இல்லை. நினைவகம் கேட்டால் வேண்டுமென்றே இல்லை என்று சொல்லும் வசதி கர்னலில் உண்டு. அதை இயக்காமல் பிழைப் பாதை சரியென்று சொல்பவர் ஊகிக்கிறார்.

சேமிப்பக டிரைவருக்கே உரிய பொறி இன்னொன்று. வாசிப்பு எழுத்துப் பாதையின் நடுவே சாதாரண முறையில் நினைவகம் கேட்டால் என்னவாகும்? நினைவகம் குறைந்திருந்தால், எழுதப்படாமல் கிடக்கும் பக்கங்களை வட்டுக்கு அனுப்பி இடம் எடுக்கக் கர்னல் முயலும். அந்த வட்டை நடத்துவதே இந்த டிரைவர். தன் வேலை முடியத் தானே காத்து நிற்கும். ஆகவே அங்கே, வட்டை நாடாமல் இடம் தேடு என்று கர்னலுக்குச் சொல்லும் ஜிஎஃப்பி நோஐஓ கொடியோடுதான் கேட்க வேண்டும். சாதனம் சிபியூவை இடைமறிக்கும் குறுக்கீட்டின் உள்ளே என்றால் உறங்கவே இயலாது, அதற்கு வேறு கொடி.

தம்பி இரண்டு நாள் இருந்து ரத்து, காத்திருப்பு, அவிழ்ப்பு, விடுவிப்பு என்று வரிசையை மாற்றி எழுதினான். மொத்தம் 9 வரி. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் மலிவாக வாங்கிய யூஎஸ்பி வட்டு ஒன்றை, தரவு எழுதப்பட எழுதப்பட, பிடுங்கிப் பிடுங்கிச் செருகினோம். 40ஆவது தடவையும் கர்னல் விழாமல் நின்றது. செருகியின் உலோகக் கூடுதான் கழன்று அவன் கையோடு வந்தது.