மேற்பரப்பிழுவிசைப் பரிசோதனைகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

விஞ்ஞானக் கண்காட்சிக் காலம் வந்தால் கொழும்பு வீடுகளில் மிளகுத்தூளும் ஊசியும் சொட்டியும் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிடும். பழைய தவறுகளும் கூடவே வரும். தண்ணீரைக் கொட்டுவது, ஊசியைத் தவறவிடுவது எல்லாம் பழகப் பழகத் தாமாகவே திருந்தும். அவற்றை விடுவோம்.

கழுவிய தட்டு சுத்தமான தட்டு அல்ல

எத்தனை முறை சொன்னாலும் தீராத தவறு இது. பிள்ளை மிளகுத்தூளைத் தூவி, சவர்க்காரம் தொட்ட விரலை நடுவில் வைக்கும். தூள் கரைக்கு ஓடும். "இன்னொருக்கா காட்டு" என்றதும் அதே தட்டில் மறுபடி தூவும். இம்முறை தூள் அசையாது. மிளகில்தான் பிழை என்று புதுப் பைக்கற்றை உடைப்பார்கள்.

மிளகில் பிழையில்லை. நீரின் மேற்பரப்பை இழுத்துக் கட்டிய தோல்போல் வைத்திருக்கும் விசைதான் மேற்பரப்பிழுவிசை. 30 பாகை செல்சியசில் சுத்தமான நீருக்கு அது மீற்றருக்கு ஏறத்தாழ 0.071 நியூற்றன். பாத்திரம் கழுவும் திரவம் கலந்தால் அது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். நடுவில் மட்டும் இறங்கினால் சுற்றியுள்ள நீர் தூளைக் கரைப்பக்கம் இழுக்கும்; எங்கும் ஏற்கெனவே இறங்கியிருந்தால் இழுக்க ஆளில்லை. சவர்க்கார மூலக்கூறின் ஒரு முனை நீரை நாடும், மறுமுனை நீரை விலக்கும். ஆகவே அது நீரின் மேலே போய் அடுக்கிக்கொள்ளும். ஒரு மூலக்கூறுத் தடிப்புள்ள படலமே போதும் என்பதால், விளிம்பில் தங்கிய மிச்சம்கூட அடுத்த முயற்சியைக் கெடுத்துவிடும்.

ஒவ்வொரு முறையும் தட்டைக் குழாய் நீரில் ஐந்தாறு தரம் அலசிக் கவிழ்த்து வையுங்கள். சமையலறைத் துணியால் துடைக்கவே வேண்டாம். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்த கையும் நீரில் படக்கூடாது. விரலுக்குப் பதிலாகப் பற்குச்சி எடுங்கள். முதலில் சவர்க்காரம் படாத குச்சியால் தொடுங்கள். தூள் நிற்க வேண்டும். பிறகு சவர்க்காரக் குச்சியால் தொடுங்கள், ஓட வேண்டும். இரண்டும் நடந்தால்தான் அது சான்று.

மின்விசிறி

நிறுத்துங்கள்.

குத்தியில் துளி எண்ணுவது

ஐந்து ரூபாய்க் குத்தியில் வெறும் நீர் எத்தனை துளி, சவர்க்கார நீர் எத்தனை துளி என்று ஒப்பிடுவார்கள். சொட்டியின் நுனியில் துளியைத் தாங்கிப் பிடிப்பதும் இதே இழுவிசைதான். அதனால் சவர்க்கார நீரின் துளி சிறிதாகவே விழும். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் உண்மை வித்தியாசம் மறைந்துவிடும். பாமசியில் 1 மில்லிலீற்றர் சிரிஞ்சு வாங்கிக் கனவளவை அளந்து எழுதுங்கள்.

"ஊசி மிதக்கிறது"

தக்கை மிதப்பதுபோல் அல்ல. உருக்கின் அடர்த்தி நீரைப்போல் ஏறத்தாழ 7.8 மடங்கு. நீரின் மேற்பரப்பு பள்ளமாக வளைந்து ஊசியைத் தாங்குகிறது. விளக்கம் சொல்லும்போது இரண்டையும் நீருக்குள் அமுக்கிவிட்டுக் காட்டுங்கள். தக்கை மேலே வரும், ஊசி வராது.