‘பை ஃப்ரைடே’யா, ‘அன்டில் ஃப்ரைடே’யா?

திருப்பூர் பனியன் கம்பெனிகளிலிருந்து பையருக்குப் (சரக்கு வாங்குபவருக்கு) போகும் மெயில்களில் அதிகம் சறுக்குவது ‘பை’ (by) என்ற குட்டி ஆங்கிலச் சொல்லில்தான். சாம்பிள் வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேரும் என்றால் ‘பை ஃப்ரைடே’. ‘அன்டில் ஃப்ரைடே’ என்று எழுதினால், வெள்ளி வரைக்கும் அனுப்பிக்கொண்டே இருப்போம் என்றாகிவிடும். நம் ‘க்குள்’ளை நினைத்து ‘விதின் ஃப்ரைடே’ என்று போடுவதும் தப்புங்க. ‘விதின்’ கால அளவோடு சேரும்: ‘விதின் த்ரீ டேஸ்’.

அடுத்தது காசு விஷயம். ஈரோட்டு மண்டியில் மஞ்சள் குவிண்டால் 12,000 ரூபாயிலிருந்து 12,500க்கு ஏறியது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறிய தொகைக்கு ‘பை’ (இன்கிரீஸ்டு பை 500), ஏறி நின்ற விலைக்கு ‘டு’ (இன்கிரீஸ்டு டு 12,500). மாற்றிப் போட்டால் கணக்கே கவிழ்ந்துவிடும்.

துணி வெட்டப்பட்டது என்று எழுதும்போது, வெட்டிய கட்டிங் மாஸ்டருக்கு ‘பை’, அவர் கையிலிருக்கும் கத்தரிக்கு ‘வித்’. ‘பை பஸ்’ சரி. ‘பை மை பைக்’ கூடாது, ‘ஆன் மை பைக்’. நடந்து போனால் ‘ஆன் ஃபுட்’.

பழைய ஆங்கிலத்தில் ‘பை’க்கு அடிப்படைப் பொருள் ‘அருகில்’. ஜெர்மனிலும் கிட்டத்தட்ட அதே ஒலியில், அதே பொருளில் இன்றும் இருக்கிறது. ‘பிசைடு’க்குள் ஒளிந்திருப்பதும் அதுவே; ‘பிகாஸ்’ என்பது ‘பை’யும் ‘காஸ்’ என்ற காரணமும் ஒட்டிய சொல். பேக்கரியில் கேட்கிற ‘ஒன் பை டூ’ டீ மட்டும் நம்மூர்ச் சரக்கு. லண்டனில் கேட்டால் முழிப்பார்கள்.