ஆம்ப் ஹெட்டை இணைக்கும்போது செய்யக் கூடாத தவறுகள்

புதிதாக ஆம்ப் ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத கிட்டார் ஆம்ப்ளிஃபையர்; ஸ்பீக்கர் கேபினெட் என்ற தனிப் பெட்டியில் இருக்கும்) வாங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்: பின்பக்க ஜாக்குகளில். கிட்டார், ஸ்பீக்கர், ஹெட்போன் மூன்றுக்குமே பெரும்பாலும் ஒரே 6.35 மி.மீ. பின்தான். அதனால் எதையும் எதிலும் செருக முடிகிறது. சில்லறைத் தவறுகளை விட்டுவிடுகிறேன். கருவியையே காலி செய்பவை மட்டும் இங்கே.

ஸ்பீக்கர் ஜாக்கில் ஹெட்போன்

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. தெரிந்த பையன் ஒருவன் 50 வாட் டியூப் (வெற்றிடக் குழாய்) ஹெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். "ராத்திரி சத்தம் வரக்கூடாதுன்னு கேபினெட்டைக் கழட்டிட்டு ஹெட்போன் போட்டேன் அண்ணா, வால்யூம்கூட கம்மியாத்தான் வச்சேன்" என்றான். ஃபியூஸ் போயிருந்தது. புது ஃபியூஸ் போட்டால் அதுவும் போயிற்று. திறந்து சோதித்தபோது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரே கெட்டிருந்தது. அந்த ஹெட்டில் அதைவிட விலை கூடிய பாகம் அநேகமாக வேறில்லை.

நடப்பது இதுதான். 8 ஓம் ஸ்பீக்கரில் 50 வாட் என்றால் 20 வோல்ட். ஹெட்போனுக்குத் தேவையோ சில மில்லிவாட். சற்று அழுத்தி வாசித்தாலே அதன் மெல்லிய காயில் கருகிவிடும். காதுக்கு என்ன ஆகும் என்பது தனிக் கவலை. காயில் அறுந்ததும் ஹெட்டுக்கு லோடே இல்லை, அதாவது அதன் ஆற்றலை வாங்கிக்கொள்ள எதுவும் இல்லை. டியூப் ஆம்பில் டிரான்ஸ்ஃபார்மருக்குள் சேரும் ஆற்றல் ஸ்பீக்கர் வழியாக வெளியேற வேண்டும். வழி இல்லையென்றால் டியூப் பக்கச் சுற்றில் மின்னழுத்தம் ஆயிரக்கணக்கான வோல்ட்டுக்கு எகிறும். டியூப் சாக்கெட்டில் பொறி பறக்கும், இல்லையென்றால் டிரான்ஸ்ஃபார்மர் காயிலின் இன்சுலேஷன் துளைபடும்.

சில ஹெட்களில் ஸ்பீக்கர் ஜாக் காலியாக இருந்தால் அது தானாகவே ஷார்ட் ஆகி டிரான்ஸ்ஃபார்மரைக் காக்கும். ஆனால் எந்தப் பின்னைச் செருகினாலும் அந்தப் பாதுகாப்பு விலகிவிடும். ஹெட்போன் பின் செய்வதும் அதைத்தான்.

சரி, ராத்திரி எப்படி வாசிப்பது? ஹெட்போன் ஜாக் உள்ள லோட் பாக்ஸ் (ஸ்பீக்கருக்குப் பதிலாக ஹெட்டின் ஆற்றலை ஏற்கும் பெட்டி) வாங்குங்கள். அதன் ஓம் ஹெட்டின் ஓமோடு பொருந்த வேண்டும். வாட்டில் தாராளமாக இருக்கட்டும்: டிஸ்டார்ஷன் ஏற்றி வாசிக்கும்போது டியூப் ஹெட், பெட்டியில் போட்டிருக்கும் வாட்டைத் தாண்டும். 50 வாட் ஹெட்டுக்கு நான் 100 வாட் லோட் பாக்ஸைத்தான் சொல்வேன். உங்கள் ஹெட்டிலேயே ஹெட்போன் ஜாக் இருந்தாலும், கேபினெட் இல்லாமல் ஓட்டலாமா என்று மேனுவலில் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

லைன் அவுட் இருக்கிறதே என்று கேபினெட்டைக் கழற்றுவது

லைன் அவுட் (மிக்சருக்கோ ரெக்கார்டிங்குக்கோ ஒலியை அனுப்பும் ஜாக்) சிக்னல் தரும்; லோட் ஆகாது. கணினியில் ஒலிப்பதிவுக்கு மாட்டும் ஆடியோ இன்டர்ஃபேஸும் லோட் ஆகாது. ஸ்பீக்கருக்கும் ஹெட்டுக்கும் நடுவே வைக்கிற சில டிஐ பாக்ஸ்களும் (சிக்னலை மிக்சருக்குப் பிரித்துத் தரும் பெட்டிகள்) அப்படித்தான், அவற்றின் மறுமுனையில் கேபினெட் இருந்தே ஆக வேண்டும்.

ஓம் கணக்கு

இரண்டு 8 ஓம் கேபினெட்டுகளை பேரலலாக மாட்டினால் 4 ஓம். இரண்டு 16 என்றால் 8. டியூப் ஹெட்டில் அந்தத் தொகைக்குரிய ஜாக்கையோ ஸ்விட்சையோ தேர்ந்தெடுங்கள். டிரான்சிஸ்டர் ஹெட்டின் குணம் வேறு. பெரும்பாலானவை லோட் இல்லாமல் பிழைத்துக்கொள்ளும். குறிப்பிட்ட ஓமுக்குக் கீழே போனால்தான் சூடேறிச் சாகும். குறைந்தபட்சம் 4 ஓம் என்று போட்டிருக்கும் ஹெட்டில் மூன்றாவது 8 ஓம் கேபினெட்டையும் சேர்த்தால் 2.67 ஆகிவிடும். ஒலி வருகிறதே என்று ஏமாறாதீர்கள்.

கிட்டார் கேபிளை ஸ்பீக்கருக்கு மாட்டுவது

கூடாது. அதன் உள்கம்பி மெல்லியது, ஸ்பீக்கருக்குப் போகும் கரண்ட்டைத் தாங்காது. உருகி ஷார்ட் ஆகலாம். தடித்த இரட்டைக் கம்பி ஸ்பீக்கர் கேபிளை வாங்கி, இரு முனையிலும் நிற டேப் சுற்றி வையுங்கள்.

ஹெட் ஓடும்போதே கேபிள் மாற்றுவது

முதலில் பவரை அணையுங்கள், அப்புறம் கேபிளைத் தொடுங்கள்.