ஒலி அளவு ஐகான் காணாமல் போனால் எங்கிருந்து தொடங்குவது

விண்டோஸ் கணினியின் வலது கீழ் மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய ஸ்பீக்கர் ஐகானைக் காணவில்லை என்றதும் பலர் ஆடியோ டிரைவரை (ஒலிச் சாதனத்தை இயக்கும் மென்பொருளை) நீக்கிவிட்டு மறுபடி நிறுவத் தொடங்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது தேவையற்ற வேலை. ஐகானைக் காட்டுவது திரையின் அடியில் இருக்கும் பட்டையான டாஸ்க்பார்; ஒலியை எழுப்புவது டிரைவரும், பின்னணியில் ஓடும் ஆடியோ சர்வீஸும். ஆகவே முதலில் ஏதேனும் ஒரு பாட்டை ஓடவிட்டு, ஒலி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் டிரைவரைத் தொடவே வேண்டாம்.

ஒலி அளவை உடனே மாற்றியாக வேண்டும் என்றால், விண்டோஸ் விசையுடன் ஆர் விசையை அழுத்தி, வரும் பெட்டியில் எஸ், என், டி, வி, ஓ, எல் என்ற ஆறு ஆங்கில எழுத்துகளை இடைவெளியின்றித் தட்டி என்டர் கொடுத்தால் வால்யூம் மிக்ஸர் திறக்கும். ஐகான் திரும்பும் வரை இதை வைத்தே சமாளிக்கலாம்.

விண்டோஸ் 10 என்றால், கடிகாரத்துக்கு இடப்புறம் மேல்நோக்கி இருக்கும் சிறிய அம்புக்குறியை முதலில் சொடுக்குங்கள். ஐகான் அதற்குள் ஒளிந்திருந்தால் டாஸ்க்பாருக்கு இழுத்து விட்டாலே போதும். அங்கும் இல்லையெனில் செட்டிங்ஸ், பர்சனலைசேஷன், டாஸ்க்பார் என்று வரிசையாகச் சென்று, நோட்டிஃபிகேஷன் ஏரியா என்ற தலைப்பின்கீழ் இருக்கும் இரண்டு இணைப்புகளையும் திறந்து பாருங்கள். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். சிஸ்டம் ஐகான்களை ஆன் அல்லது ஆஃப் செய்யும் இணைப்பில் வால்யூம் ஆனில் இருந்தாலும், டாஸ்க்பாரில் எந்த ஐகான்கள் தெரிய வேண்டும் என்று கேட்கும் மற்ற இணைப்பில் ஆஃபில் இருந்தால், ஐகான் அம்புக்குறிக்குள் போய்விடும்.

விண்டோஸ் 11-இல் ஸ்பீக்கரும் நெட்வொர்க்கும் ஒரே பொத்தானாக இணைந்திருப்பதால், ஸ்பீக்கருக்கென்று தனி சுவிட்ச் கிடையாது. விண்டோஸ் விசையையும் ஏ விசையையும் சேர்த்து அழுத்தினால் ஒலி அளவுப் பட்டை வரும்.

எல்லாம் ஆனில் இருந்தும் ஐகான் தெரியவில்லை என்றால், டாஸ்க்பாரை இயக்கும் விண்டோஸ் எக்ஸ்புளோரர் தடுமாறியிருக்க வாய்ப்பு அதிகம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, விண்டோஸ் எக்ஸ்புளோரரைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் கொடுங்கள். டாஸ்க்பார் ஒரு கணம் மறைந்து மீண்டும் வரும், பயப்பட வேண்டாம். எண்ட் டாஸ்க்கை மட்டும் அழுத்திவிடாதீர்கள், டாஸ்க்பாரே திரும்பாமல் போகலாம். சில கணினிகளில் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் எழுத்துகளும் ஐகான்களும் தெரியும் அளவை (ஸ்கேல்) 100 சதவீதத்திலிருந்து 125 ஆக்கி, மறுபடி பழைய அளவுக்கே கொண்டு வந்தாலும் ஐகான் திரும்பிவிடுகிறது.

வால்யூம் சுவிட்ச் மங்கலாகி, நகர்த்தவே முடியாமல் இருந்தால் கணினியின் அமைப்புகளைக் கட்டுப்படுத்தும் விதிகளான குரூப் பாலிசியைச் சந்தேகிக்கலாம். குரூப் பாலிசி எடிட்டரின் பயனர் பகுதியில், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸுக்குள் ஸ்டார்ட் மெனு, டாஸ்க்பார் பிரிவில் வால்யூம் ஐகானை நீக்கும் விதி ஒன்று உண்டு. அதை 'நாட் கன்ஃபிகர்டு' நிலைக்கு மாற்றி, கணக்கிலிருந்து வெளியேறி மீண்டும் நுழைய வேண்டும். ஹோம் பதிப்பில் இந்த எடிட்டர் இருக்காது. அலுவலகக் கணினியில் இந்த விதியை நிர்வாகியே வைத்திருக்கக்கூடும் என்பதால் அவரிடம் கேட்பதே சரி.

ஐகானோடு ஒலியும் போயிருந்தால்தான் ஆடியோ பக்கம் திரும்ப வேண்டும். சர்வீசஸ் பட்டியலில் விண்டோஸ் ஆடியோ, விண்டோஸ் ஆடியோ எண்ட்பாயிண்ட் பில்டர் ஆகிய இரண்டும் ஓடுகின்றனவா, அவற்றின் தொடக்க வகை ஆட்டோமேட்டிக் என்று இருக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகும் ஒலி வரவில்லை என்றால், டிவைஸ் மேனேஜரில் ஒலிச் சாதனத்தை அன்இன்ஸ்டால் செய்து கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் அதைத் தானே கண்டறிந்து நிறுவ முயலும். அதற்கு முன், மதர்போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து உரிய டிரைவரை இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.