ஹாட் பிளேட் சோதனை: எலியின் பின்னங்காலைப் பாருங்கள்

தண்டையார்பேட்டை பக்கம் ஒரு பார்மசி லேபில் எம்.பார்ம் பிள்ளைகளுக்கு வாய் வலிக்கச் சொல்வதை எழுதி வைக்கிறேன். வலிநிவாரண மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க, எலியைச் சூடான தட்டில் விட்டு எத்தனை வினாடியில் காலை உதறுகிறது என்று அளப்பதுதான் இந்தச் சோதனை. விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி கைக்கு வராமல் கூண்டைத் திறக்கவே கூடாது.

சுண்டெலி 20–25 கிராம் இருக்கட்டும். முந்தின நாளே லேபுக்குக் கொண்டுவந்து பழகவிடுங்கள். இங்கே துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகளின் ஹாரன் ஓய்வதில்லை, மிரண்ட எலிக்குக் கொஞ்ச நேரம் வலி மரத்துப்போகும், மருந்தே போடாமல் போட்ட மாதிரி எண் வந்து நிற்கும். ஜன்னலைச் சாத்திவிட்டு, தினமும் ஒரே நேரத்தில் செய்யுங்கள்.

தட்டின் சூடு 55 டிகிரி. கரண்ட் போய் வந்தால் சூடு நிலைக்கு வரும்வரை காத்திருங்கள், தனித் தெர்மாமீட்டரிலும் ஒருமுறை பாருங்கள்.

எலியை விட்டதும் ஸ்டாப்வாட்ச். முன்னங்காலை நக்கினால் கணக்கில் சேர்க்காதீர்கள், முகம் துடைக்கவும் அது அப்படித்தான் நக்கும். பின்னங்காலை உதறினாலோ நக்கினாலோ, துள்ளினாலோ, அந்த நொடியே வாட்சை நிறுத்தி எலியைத் தூக்குங்கள். மார்ஃபின் போட்ட எலி வாலை முதுகுப் பக்கம் வளைத்து விறைப்பாக நிமிர்த்திக்கொண்டு பேசாமல் நிற்கும், பார்த்துக்கொண்டே இருந்துவிடுவோம். 15 வினாடி ஆனால் எதுவும் செய்யாவிட்டாலும் எடுத்தாக வேண்டும். ஒரு மாணவர் போனைப் பார்த்ததில் 20 தாண்டிவிட்டது, பாதம் நான்கும் சிவந்து வீங்கின. மருந்தால் வலி தெரியவில்லை, ஆனால் தோல் வெந்தது வெந்ததுதான். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

மருந்துக்கு முன் ஒரு தடவை, அப்புறம் 15, 30, 60, 90 நிமிடங்களில் எடுங்கள். எந்த எலிக்கு எந்த மருந்து என்பது நேரம் பார்ப்பவருக்குத் தெரியக் கூடாது. முன்பு 4 வினாடி, மருந்துக்குப் பின் 10 என்றால், கூடின 6-ஐ, 15-இல் 4 போக மீதி 11-ஆல் வகுத்து நூறால் பெருக்குங்கள், சுமார் 55 சதவீதம். சும்மா வினாடியை மட்டும் எழுதிவிட்டால் எலிக்கு எலி ஒப்பிட முடியாது.

ஆஸ்பிரின் மாதிரி மருந்துக்கு இந்தத் தட்டு சரிப்படாது. அதற்கு அசிட்டிக் அமிலத்தை வயிற்றறைக்குள் ஊசியால் போட்டு, எத்தனை தடவை உடலை முறுக்குகிறது என்று எண்ணும் முறைதான்.

இன்னொன்று, தூக்கம் வரவைக்கும் மருந்தும் எலியைத் துள்ளவிடாது. சந்தேகம் வந்தால் ரோட்டாராடில், அதாவது எலி விழாமல் நடக்கிறதா என்று பார்க்கும் சுழலும் தடியில், ஏற்றுங்கள். அங்கே உடனே விழுந்தால், நீங்கள் அளந்தது வலிநிவாரணமாக இல்லாமல் வெறும் மயக்கமாகவே இருக்கலாம்.