வளர்ச்சி ஹார்மோன் மணி பார்த்துச் சுரப்பதில்லை

"இரவு பத்து முதல் இரண்டு மணிக்குள் தூங்கினால்தான் வளர்ச்சி ஹார்மோன் சுரக்கும்" என்று ஒரு பேச்சு ரொம்ப நாளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. இதை நம்பிப் பத்தரை ஆனதும் பதறுகிறவர்கள் நிறைய. இந்த ஹார்மோன் பெரும்பாலும் தூக்கத்தைப் பின்தொடர்கிறது, கடிகாரத்தை அல்ல. கண் அசந்ததும் வருகிற முதல் ஆழ்ந்த தூக்கத்தில்தான் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அதைப் பெரிய அலையாக ரத்தத்தில் விடுகிறது. தூங்கப் போவதைத் தள்ளிப்போட்டால் அந்த அலையும் தள்ளிப்போகும் என்பது 1968-லேயே தெரிந்துவிட்டது.

சரி, அப்படியென்றால் எப்போது தூங்கினாலும் ஒன்றுதானா? அங்கேதான் அடுத்த தவறு. மன அழுத்த ஹார்மோன் எனப்படும் கார்டிசால் முக்கியமாக உடலின் உள்கடிகாரத்தைப் பார்த்து ஓடுவது. முன்னிரவில் தாழ்ந்து, விடியலை ஒட்டி ஏறும், நீங்கள் தூங்கினாலும் தூங்காவிட்டாலும். அதிகாலை நான்கு மணிக்குப் படுப்பவருக்கு வளர்ச்சி ஹார்மோன் அலை வரும்தான், ஆனால் கார்டிசால் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் வரும். இரண்டு தாளமும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போவதுதான் நைட் ஷிஃப்டில் உள்ள சிக்கல்.

ஒரு ராத்திரி முழித்துவிட்டால் எல்லாம் போச்சு என்று பயப்படவும் வேண்டாம். இரவு அலை காணாமல் போனாலும் பகலில் வருகிற சின்ன அலைகள் பெரிதாகி, 24 மணி நேரக் கணக்கைக் கிட்டத்தட்ட ஈடுகட்டிவிடுகின்றன. நாள்கணக்கில் தொடர்ந்து தூக்கத்தைக் குறைப்பது வேறு விஷயம், அதில் அடிவாங்குவது டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன். ஆரோக்கியமான இளைஞர்கள் பத்துப் பேரை ஒரு வாரம் இரவுக்கு 5 மணி நேரம் மட்டுமே தூங்கவைத்த ஆய்வு 2011-ல் வந்தது. பகலில் அவர்களுடைய டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் குறைந்திருந்தது. அப்புறம், வளர்ச்சி ஹார்மோனைப் பற்றி "நாள் முழுவதுக்குமான சுரப்பில் பெரும்பகுதி தூக்கத்தில்தான்" என்று சொல்வார்களே, அது ஆண்களை வைத்துச் சொன்னது. பெண்களுக்குப் பகலிலும் அடிக்கடி அலைகள் வருவதால், இரவு அலைக்கு அவ்வளவு தனி ஆதிக்கம் கிடையாது.

பகலில் ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு "எனக்கு வளர்ச்சி ஹார்மோனே இல்லை" என்று முடிவுகட்டுவது இன்னொரு வேடிக்கை. இந்த ஹார்மோன் ரத்தத்தில் ரொம்ப நேரம் தங்காது. இரண்டு அலைகளுக்கு நடுவே எடுத்தால் நல்ல உடம்பிலும் பூஜ்யத்தை ஒட்டித்தான் காட்டும். அதனால் மருத்துவர்கள், இந்த ஹார்மோனின் தூண்டுதலால் உடலில் உருவாகி நாள் முழுக்க அதிகம் ஏறி இறங்காத ஐஜிஎஃப்-1 என்ற பொருளின் அளவைப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் ஹார்மோனைத் தூண்டிவிட்டு அளப்பார்கள். டெஸ்டோஸ்டிரோனைக் காலையில் அளப்பதுதான் வழக்கம், நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்கள் எப்போது தூங்கி எழுந்தோம் என்று மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

மது குடித்தால் நல்லா தூக்கம் வருகிறது என்பவர்கள் கவனிக்க: இரவின் முதல் பாதியில் ஆழ்ந்த தூக்கம் கூடினாலும்கூட, மது வளர்ச்சி ஹார்மோன் சுரப்பை அடக்கிவிடும்.

வயது ஏற ஏற ஆழ்ந்த தூக்கமும் இந்தச் சுரப்பும் சேர்ந்தே குறைவது இயல்பு. அதற்காக மருத்துவர் சொல்லாமல் ஊசி போட்டுக்கொள்வது மடத்தனம் என்பேன். எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் மூடிவிட்ட பிறகு உயரம் கூடாது, வீக்கமும் மூட்டுவலியும் ரத்தச் சர்க்கரை ஏற்றமும்தான் மிச்சமாகலாம். அதைவிட, பலத்த குறட்டையும் நடுவில் மூச்சுத் திணறலும் இருந்தால் முதலில் அதைப் பரிசோதியுங்கள். தூக்கத்தில் மூச்சு தடைபடும் கோளாறு ஆழ்ந்த தூக்கத்தைத் துண்டுதுண்டாக்கி இந்த ஹார்மோனையும் குறைக்கும், சிகிச்சை எடுத்தால் சுரப்பு மறுபடி கூடும்.